பேஸ் கிற்றார்: ஒரு நண்பன்

அகதிகளை அடைத்து வைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு ஞாயிறுகளில் சோறு கொண்டு போவேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். நரைத்த தாடி, ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் அவருடைய பெருவிரல் மேசையைத் தட்டும், ஒவ்வொரு முறையும் முதல் அடியை விட்டுவிட்டு.

"ரெகே தாளம் அப்பிடித்தான் தம்பி," என்றார். எண்பதுகளில் லண்டனில் இரண்டு வெள்ளைக்காரப் பெடியளோடு சேர்ந்து, பங்க் பாட்டின் கோபத்தை ரெகே தாளத்தில் போட்டு, வீட்டுக் குசினிக்குள் வைத்தே பதிந்து, கைக்காசில் இசைத்தட்டு அடித்தார்களாம். இவர் வாசித்தது பேஸ் கிற்றார்.

அந்தக் காலத்தில் இவர் ஊரில் ஆயுத இயக்கத்தில் இருந்தார் என்று இங்கே அதிகாரிகளுக்குச் சந்தேகம். விசா இல்லாமல் லண்டனில் ஒளித்திருந்தவரிடம், அங்கேதான் இருந்தார் என்று காட்டக் கடதாசி ஏது?

"அந்தத் தட்டைத் தேடித் தாரும் தம்பி. உறை வர முன்னமே நான் வீடு மாறி ஓடிட்டன், பார்க்கேல்லை. ஆனா அதில வருசமும் என்ர பேரும் இருக்கும்."

மாதக்கணக்கில் அலைந்து, இங்கே நியூடவுனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் கண்டுபிடித்தேன். போட்டோகொப்பி எடுத்த உறை. கையெழுத்தில் இரண்டு ஆங்கிலப் பெயர்கள். கீழே, 'பேஸ்: ஒரு நண்பன்'.

அடுத்த ஞாயிறு முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்; அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். "பேரைப் போடாதேங்கோ, பிடிபட்டிடுவன் எண்டு நான்தான் கெஞ்சினனான். எண்டாலும் போட்டிருப்பாங்கள் எண்டு நம்பினன். சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டாங்கள், பாவியள்."

அன்று விரல் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டேன். இரைச்சலுக்குள்ளே, முதல் அடியை விட்டுவிட்டு, அதே பெருவிரல். அவர்தான், சத்தியம் பண்ணுவேன். யாரிடம் போய்ப் பண்ண?