லட்சுமியம்மாளின் வலது கால்

லட்சுமியம்மாளின் வலது கால் போகாத நாடு இல்லை. மெக்சிகோ போயிருக்கிறது, சூடான் போயிருக்கிறது, எங்கோ ஒரு மாநாட்டில் சுவர் அளவு பெரிதாகவும் நின்றிருக்கிறது. எல்லாம் டாக்டர்கள் எடுத்து அனுப்பிய போட்டோவாகத்தான். காலுக்குச் சொந்தக்காரி மட்டும் மின்சார ரயிலேறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததோடு சரி.

பொன்னேரிக்கு மேற்கே அவளுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி. செருப்போடு அதில் இறங்குகிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அஞ்சு வருஷத்துக்கு முன் வரப்பில் ஒரு வேலிகாத்தான் முள் பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு நாற்று நடப் போய்விட்டாள். ஆறு மாதம் கழித்துப் பாதம் வீங்கியது. வலியே இல்லை. அதுதான் அந்தப் பாழாய்ப்போன நோயின் சூது, வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பாள். பிறகு வீக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் விழுந்தன. சீழ் வந்தது, சீழோடு கடுகு மாதிரி கருப்பு மணிகளும் வந்தன.

டாக்டரிடம் போகிற நாளில் அவள் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. விடியுமுன் எழுந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் பாதத்தை அமுக்கி அமுக்கிக் கழுவுவாள். கடைசி மணி வரை பிதுக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெளுத்த துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்புவாள். படித்தவர் கை வைத்துப் பார்க்கிற இடத்தை அழுக்கோடு நீட்டலாமா? மருமகள் அருணாவும் பக்கத்தில் நின்று சோப்பு எடுத்துக் கொடுப்பாள்.

டாக்டர்கள் பார்த்ததெல்லாம் காய்ந்த துளைகளை. ஒருவர் சீழ்க்கட்டி என்றார். இன்னொருவர் காசநோய் என்று ஒன்பது மாதம் மாத்திரை விழுங்க வைத்தார், வயிறு புண்ணானதுதான் மிச்சம். லேப்பில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் சீட்டு வந்தது. கடைசியில் சர்ஜன் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று தேதி குறித்தார். அடுத்த மாதம் பத்தாம் தேதி. மிச்சமிருக்கிற ஒரு காலோடு சேற்றில் எப்படி இறங்குவது என்பதை அவர் சொல்லவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்னால் பொன்னேரிக் கல்யாண மண்டபம் ஒன்றில் முகாம் போட்டார்கள். யாரும் சீந்தாத பூஞ்சை நோய்களுக்காக மூன்று நாட்டு டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற திட்டமாம். சூடானிலிருந்து இஹ்சான் என்ற பெண் டாக்டர் வந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, லேப் டாக்டர் காயத்ரி கூட இருந்தாள். லட்சுமியம்மாள் வழக்கம்போல் கழுவித் துடைத்துப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒருவர் கேமராவைத் தூக்கினார். நாலு வருஷக் கோபமும் அங்கேயே பொங்கிவிட்டது.

“இன்னாத்துக்குப் போட்டோ? நாலு வருசமா எடுத்துக்கினுதான கீறீங்க? என் காலு ஊரு உலகமெல்லாம் சுத்திப் பாத்துட்ச்சி. ஒரு ஊருலேர்ந்தாவது மருந்து வந்துச்சா? பத்தாந்தேதி வெட்டப் போறாங்கோ. வெட்டுனப்புறம் முழுசா எடுத்துக்கினு போங்க.”

கேமரா இறங்கியது. இஹ்சான் கோபித்துக்கொள்ளவில்லை. வெளுத்த துணியையே பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“கழுவிட்டு வந்தீங்களான்னு கேக்குறாங்கம்மா” என்றாள் காயத்ரி.

“கழுவாம வர நான் இன்னா மானங்கெட்டவளா?”

“கழுவும்போது என்ன வரும்?”

“கருப்பு கருப்பா, கடுகாட்டம்.”

காயத்ரி அதைச் சொன்னதும் இஹ்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மணிகள்தான் பூஞ்சை. ஒரு மணி கிடைத்தால் போதும், ஒரே நாளில் நோயைச் சொல்லிவிடலாம். வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள். தன்னிடம் வருகிற பெண்களும் இப்படித்தான் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார்கள் என்றும், அதனால் அவர்களிடம் தான் சொல்கிற முதல் வார்த்தையே ‘கழுவாமல் வா’ என்பதுதான் என்றும் இஹ்சான் சொன்னார்.

“நாலு வருசம்மா” என்றாள் லட்சுமியம்மாள். “அந்த ஒரு வார்த்தைய இங்க ஒருத்தன் சொல்லலியே.”

யார் சொல்வார்கள்? நூற்று எண்பது வருஷத்துக்கு முன்னால் மதுரையில் பார்த்து, மதுரையின் பெயரையே வைத்துப் புத்தகத்தில் ஏற்றிய நோய் அது. மதுரைக்கும் பொன்னேரிக்கும் ஒரு ராத்திரி ரயில் பயணம். அந்தச் சேதி சூடானைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவர்களுக்கு வருகிற நோய் என்றால் எவனுக்கு அவசரம்? நினைத்தால் வயிறெரிகிறது.

இஹ்சான் சொன்னபடி மூன்று நாள் கழுவாமல், கட்டுப் பிரிக்காமல் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினாள். நாற்றம் தாங்காமல் எதிர் சீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். அருணா மட்டும் அத்தையை ஒட்டியே உட்கார்ந்து வந்தாள். அங்கே லேப்பில் காயத்ரி ஏழு மணிகளைச் சீசாவில் எடுத்து, அன்றைக்கே பூஞ்சைதான் என்று எழுதிக் கொடுத்தாள். ஸ்கேனில் எலும்பு பெரும்பாலும் தப்பித்திருந்தது. சர்ஜன் தேதியை அடித்துவிட்டு, சில மாதம் கழித்துக் கட்டியை மட்டும் எடுக்கலாம், ஒரு வருஷம் மாத்திரை, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார். லட்சுமியம்மாள் அழுததை அருணா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

முதல் மாத மாத்திரையைத் திட்டத்திலேயே கொடுத்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரி தரவேண்டும். மருந்துக் கவுண்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

“ஸ்டாக் இல்லம்மா.”

“எப்ப வரும்?”

“வராது. இந்த வியாதி நம்ம மாவட்டத்துல யாருக்குமே இல்லன்னுதான் லிஸ்ட்டுல கீது. ஆளே இல்லாத வியாதிக்கு எப்படி ஆர்டர் போடுவாங்க?”

அவருக்கென்ன, லிஸ்ட்டைப் படிக்கிறார். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். லட்சுமியம்மாள் நகர்ந்து, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி, மேஜைமேல் அந்த லிஸ்ட் மீதே வைத்து, நாற்பது பேரும் பார்க்கக் கட்டைப் பிரித்தாள்.

“ஒண்ணுன்னு எழுது, நைனா” என்றாள். “எழுதுற வரைக்கும் இது இங்கதான் கீது.”