ஏழு தரம் கழுவிய லொறி

போன வியாழக்கிழமை பின்னேரம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஆதம்பாவா காலமானதாக ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நான் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆள் பிடிபடவில்லை. ஆதம்பாவா என்ற பெயரில் கல்முனைக்குடியில் தெருவுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்! "கல்லு லொறி ஆதம்பாவா" என்று திருப்பிச் சொன்னார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வழக்கமாக உங்களைச் சிரிக்கவைக்கப் பார்ப்பவன் நான். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

இப்போது கல் கொண்டுவரும் டிப்பர்களைப் பார்த்திருப்பீர்கள். வருகிறது, முதுகை உயர்த்துகிறது, கொட்டுகிறது, போகிறது. ட்ரைவர் போனில் கதைத்தபடியே இருப்பார். அவர் முகம்கூட நமக்குத் தெரியாது. பழைய கல் லொறி அப்படியா? நீண்ட மூக்கு, சுற்றிவர மரப்பலகை, ஒரு பக்கக் கதவுக்குக் கயிறு. அம்பாறைப் பக்கத்து மலையில் ஏற்றிய கருங்கல்லை இங்கே வீட்டு வாசலில் ஒவ்வொன்றாகக் கையால்தான் இறக்க வேண்டும். ட்ரைவரும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கூட நின்று இறக்குவார். முடிந்ததும் உங்கள் வீட்டு டீயைக் குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், கிணற்றடியில் கைகால் கழுவி வுழூ செய்து அங்கேயே மதிய லுஹர் தொழுதுவிட்டுப் போவார்.

எல்லோருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்காவின் லொறிக்கு ஹேண்ட்பிரேக் கிடையாது. எங்கே நிறுத்தினாலும் இறங்கி, பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். "காக்கா, இவ்வளவு கல்லு ஏத்துற ஆளுக்கு இந்த ஒரு கல்லுத்தான் சொந்தமோ?" என்று கடையில் கேலி செய்வார்கள். "ஓம் தம்பி, மத்ததெல்லாம் உங்கட ஊட்டுக்கு அடியிலதானே கிடக்கு" என்பார். உண்மைதான். எங்கள் பகுதியில் பாதி வீடுகள் அவர் கொண்டுவந்த கல்லில் நின்றன.

நின்றன... சுனாமி வரும்வரை.

அன்று காலை அவர் மலையில் இருந்தார். கல் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில்தான் செய்தி கிடைத்தது. ஏற்றிய கல்லை வீதியோரத்தில் தள்ளிவிட்டு, வெறும் லொறியோடு நேரே கடற்கரைக்கு வந்தார். அதன் பிறகு மூன்று நாட்கள் அந்த லொறி மையத்துகளை, இறந்தவர்களின் உடல்களை, ஏற்றியது.

என் உம்மாவும் அந்த லொறியில்தான் போனார். நான் தூக்கி வைக்கப் போனபோது, "பொறுங்க தம்பி" என்று காக்கா தடுத்தார். எங்கிருந்தோ இரண்டு பாய் கொண்டுவந்து விரித்தார். "கல்லு ஏத்தின பலகை. உம்மாக்குக் குத்தும்" என்றார். பிறகு அடக்கும் மையவாடி வரைக்கும் முதல் கியரிலேயே ஓட்டினார், ஒவ்வொரு குழியாக விலத்தி விலத்தி. கல் ஏற்றினால் எந்தக் குழியையும் கணக்கெடுக்காத மனிதர்!

பிறகு வீடு கட்டும் காலம் வந்தது. ஊரெல்லாம் அத்திவாரம் வெட்டினார்கள். கல்லுக்கு அப்படியொரு தட்டுப்பாடு. கல் லொறிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆதம்பாவா காக்காவின் லொறி மட்டும் டயருக்கு முட்டுக் கொடுத்தபடி அவர் வீட்டு வாசலில் நின்றது.

ஏன்? யாரும் அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே ஒதுக்க மாட்டோம் — அவ்வளவு நல்லவர்கள். "கல்லுக்குச் சொல்லிட்டம் காக்கா" என்போம். அவர் போன பிறகு, மெல்ல... "மையத்து ஏத்தின லொறி. அதில வாற கல்லில ஊடு கட்டினா பரக்கத்து, விருத்தி இரிக்குமா?" அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று மௌலவி வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்திலேயே சொன்னார். தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு வேறு லொறிக்குச் சொன்னோம்.

என் வீட்டுக்கும் வந்தார். சைக்கிளை வேலியில் சாத்தினார்.

"அத்திவாரம் வெட்டியாச்சு போல. கல்லு நான் கொண்டு வாறன் தம்பி."

"கல்லுக்குச் சொல்லிட்டன் காக்கா" என்றேன்.

வெட்டிய குழியைக் குனிந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "லொறிய ஏழு தரம் கழுவிட்டன் தம்பி. அதில ஒரு தரம் மண் போட்டும் கழுவினன்."

மார்க்கம் தெரிந்த வாசகர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் போட்டு — அது நாய் வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவும் முறை. மையத்து அசுத்தமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் உம்மாவுக்குப் பாய் விரித்த பலகையை, அந்த மனிதரின் கையாலேயே அப்படிக் கழுவவைத்தோமே!

மனைவி மறுத்தாள் என்று எழுதினால் எனக்கு வசதி. அவள் "காக்காட லொறியிலயே எடுங்க" என்றுதான் சொன்னாள். உம்மாவை ஏற்றிய பலகையை மறுபடி பார்க்க மனம் தாங்காது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிப் பார்த்தேன். பொய். ஊர் கதைக்கும் என்ற பயம், அவ்வளவுதான். இதே பக்கத்தில் மூடநம்பிக்கைகளைக் கிழி கிழி என்று கிழித்தவன் நான்!

அடுத்த நாள்தான் வேறொரு லொறிக்குச் சொன்னேன். அதற்கு மறுநாள் கல் வந்தது. லொறியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆதம்பாவா காக்கா அந்த வழியால் சைக்கிளில் வந்தார். இறங்கினார். ட்ரைவரிடம் கேட்டார்:

"இவர் உனக்கு எப்ப சொன்னவர்?"

"நேத்துத்தான் காக்கா."

அவர் என்னிடம் வந்து கேட்டது முந்தாநாள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லொறிக்குப் பின்னால் போய் நின்று கையை அசைத்தார். "வரட்டும்... வரட்டும்... வலப்பக்கம் கொஞ்சம் ஒடி... போதும்." வெட்டிய கரை இடிந்துவிடாமல் சரியான இடத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

லொறி கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. அவர் ஆட்டோ ஓட்டினார். கல்முனை பஸ் நிலையத்தடியில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்வார். "ஏறுங்க தம்பி" என்பார். நான் ஸலாத்துக்குப் பதிலை முணுமுணுத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி நடந்துவிடுவேன். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு நாள் அவரிடம் மாப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். இந்தப் பெருநாளைக்குப் பார்ப்போம், அடுத்த பெருநாளைக்குப் பார்ப்போம் என்று இருபது வருடம் ஓடிவிட்டது.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. வழக்கப்படி மகன் முன்னால் வந்து நின்றான். "வாப்பா யாருக்கும் குறை செஞ்சிருந்தா, ஆருட மனசாவது நோகக் கதைச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளுங்க" என்றான். சொல்லி முடிக்க முன்னமே அழுதுவிட்டான்.

"பொருந்திட்டம்" என்றோம் எல்லோரும். அன்றைக்கு "கல்லுக்குச் சொல்லிட்டம்" என்ற அதே வாய்கள்தான். என் சத்தம் எல்லோரையும் விடக் கூடக் கேட்டது.

எங்களை மன்னிக்க வேண்டியவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு, நாங்கள் அவரை மன்னித்துவிட்டு வந்திருக்கிறோம்.