போட்டவள் ஆன் பண்ண மாட்டாள்

மின்சாரம் என்பது கல்பகம் அத்தையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்கும் ஒரு பொருள். அத்தை ஒரு நாள் லீவு போட்டால் நாட்டில் பாதி விமானங்கள் தரையிலேயே நிற்கும். மீதிப் பாதி பறக்கும், ஆனால் எங்கே போகிறோம் என்று அவற்றுக்கே தெரியாது. நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் பட்டனை அமுக்கும் முன் எங்கள் மெட்டுகுடா பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அமுக்குகிறார்கள்.

இதில் உண்மை எவ்வளவு என்று கேட்டால், அத்தை பாலாநகரில் ஒரு சின்ன கம்பெனியில் சர்க்யூட் போர்டில் பாகங்கள் பொருத்துகிறாள் என்பது மட்டும். மற்றதை மரியாதைக்காக நான் சேர்த்தேன்.

நம் சிகந்திராபாத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் 'நம்மில் ஒருவர்' பகுதிக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அறிவிப்பு வந்தது. இன்டர் இரண்டாம் வருடத்தை, அதாவது பிளஸ் டூவை, பாதியில் விட்ட பெண்ணை யாரும் எழுதச் சொல்லவில்லைதான். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் எனக்கு ஒரு நியாயம் வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு அது கிடைக்கவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பத்தாவது முடித்து, விரல் மெலிசாக இருக்கிற பெண்கள் வேண்டும் என்று பாலாநகரிலிருந்து யாரோ கேட்டபோது போய்ச் சேர்ந்தவள். போன அன்றே வளையலைக் கழற்றச் சொன்னார்கள். ஊதா கோட்டு கொடுத்தார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் வயர், வயரின் மறுமுனை மேசையில். மாட்டைக் கட்டுவது மாதிரி ஆளைக் கட்டிப்போட்டுத்தான் வேலை. நம் உடம்பிலேயே சின்னதாக மின்சாரம் சேருமாம். ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று கேட்குமே, அது. நமக்குச் சுருக்கென்று கூட இருக்காது, ஆனால் போர்டில் இருக்கிற சில்லு செத்துப்போகும். அதனால் சேர்வதையெல்லாம் அந்த வயர் தரைக்கு அனுப்பிவிடும்.

போர்டையும் நடுவில் தொடாமல் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும்; இத்தனை வருடத்தில் அது அத்தையின் சுபாவமாகவே ஆகிவிட்டது. எதையும் ஓரத்தில்தான் பிடிப்பாள். தட்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, எல்லாம் இரண்டு விரலால் ஓரத்தில். என் மார்க்‌ஷீட்டையும் அப்படித்தான் பிடித்தாள். அதிலிருந்த மார்க்குக்கு அது சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா மைதிலி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அமெரிக்க டாக்டர்கள் மூக்கால் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு டைப் அடிக்க வேண்டும். கம்பெனி புது சாஃப்ட்வேருக்கு மாறியது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திறந்தாலே தூங்கிவிடுகிறது. மெமரி போதவில்லை. திங்கட்கிழமை காலையில் அந்தச் சாஃப்ட்வேர் ஓடவில்லையென்றால் ஐடியை மூடிவிடுவோம் என்று மெயில் வந்தது. ஐடியை மூடினால் வேலை போயிற்று என்று அர்த்தம். அந்த மெயிலில் அம்மாவுக்குப் 'பிரியமுள்ள' என்று வேறு போட்டிருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

சனிக்கிழமை சிகந்திராபாத் கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போய்ப் புது மெமரி ஸ்டிக் இரண்டு வாங்கினோம். மாட்டித்தர அடுத்த வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். நாங்களே மாட்டிக்கொள்வோம் என்றாள் அம்மா.

"வீட்டுல சார் மாட்டுவாரா?" என்று இந்தியில் கேட்டார்.

"சாரோட அக்கா மாட்டுவாங்க."

"அக்காவா?" பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பிச் சிரித்தார். "நக்கோ மேடம், நக்கோ. வேணாம். பொம்பளைங்க கை வெக்கிற சாமான் இல்ல இது."

அவர் கடை முழுக்க இருந்த போர்டுகளில் பெண்கள் கை வைக்காத ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் அவர் விளம்பரத்துக்கு நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் பொம்மைக்கு மீசை மட்டும் வரைந்துவிட்டு வந்தேன். அது கணக்கில் வராது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். வந்ததும் எங்கள் வீடு கம்பெனி ஆகிவிட்டது. பாயைச் சுருட்டு. பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே போடு. பாலித்தீன் பை எதுவும் மேசைப் பக்கம் வரக்கூடாது. பருத்திச் சட்டை போட்டு வா. அடுப்படி ஓரத்தில் ஒரு பழைய இரும்புக் குழாய் இருக்கிறது, நேராகத் தரைக்குள் போவது. மேசைக்குப் பக்கத்தில் வருகிற யாராக இருந்தாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நானும் அம்மாவும் கோயில் மணி அடிக்கிற மாதிரி அதைத் தொட்டுத் தொட்டு வந்தோம். என் வீட்டில் நான் நடமாட ஒரு குழாயிடம் அனுமதி!

அடுத்த வீட்டு ஜேம்ஸ் அங்கிள் வேடிக்கை பார்க்க வந்தார். வாசலிலேயே அத்தை கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணா, அந்தப் பேண்டோட உள்ள வராதீங்க."

"பேண்டுக்கு என்னம்மா? துவைச்சதுதான்."

"நைலான். சரசரங்குது பாருங்க."

"நான் அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் பார்த்தவன் கல்பகம். இதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலை. பட்டுனு சொருகினா முடிஞ்சுது."

"உங்க வீட்டுல பட்டுனு சொருகுங்க. இது மைதிலி சோறு."

அவர் வாசலிலேயே நின்றார். போகவும் இல்லை.

அத்தை பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கின பிறகும் சிபியுவின் பட்டனை அமுக்கிப் பிடித்தாள். உள்ளே மிச்சம் இருக்கிற கரண்டும் போக வேண்டுமாம். பக்க மூடியின் திருகுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். மணிக்கட்டில் பட்டையை மாட்டி, வயரைச் சிபியுவின் பெயிண்ட் அடிக்காத இரும்பில் கவ்வவிட்டாள். பழைய மெமரியின் இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விரித்து வெளியே எடுத்தாள். புதியது அதுவரை அதன் வெள்ளிப் பையிலேயே இருந்தது. கடைசி நிமிடத்தில் கிழித்து, ஓரத்தில் பிடித்து, ஸ்டிக்கின் கீழ் ஓரத்து வெட்டும் அது உட்காரும் பள்ளத்தின் மேடும் பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது மாதிரி இறக்கினாள். இரண்டும் முடிந்தது. மூடியை மூடினாள். பட்டையைக் கழற்றினாள். பிளக்கைச் சொருகச் சொன்னாள். பிறகு எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"ஆன் பண்ணு அத்தை" என்றேன்.

"நானா? நக்கோ. போட்டவ ஆன் பண்ண மாட்டா. டெஸ்டிங் வேற ஆளு."

"ஏன்?"

"போட்டவளுக்குத் தன்னோட தப்பு கண்ணுக்குத் தெரியாதுடி. அதான் ரூலு. நாங்க முடிச்சதும் ட்ரேல வெச்சு ஜன்னல் வழியா தள்ளிடுவோம். அந்தப் பக்கம் டெஸ்டிங்."

"நீ அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லியா?"

"அங்க வெள்ளைக் கோட்டு. ஊதாக் கோட்டை விட மாட்டாங்க."

"அப்போ நீ பண்ணின போர்டுல உயிர் வந்து நீ ஒண்ணுகூடப் பார்த்தது இல்ல?"

"ரிட்டன் வரலன்னா வந்திருக்கும்னு அர்த்தம்" என்றாள் அத்தை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒருத்தியைச் சமைக்க வைத்து, ஒரு நாள்கூட ருசி பார்க்க விடாமல், சாப்பிட்டவன் வாந்தி எடுக்கவில்லை, அதனால் நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு அனுப்புவார்களா? ஜன்னலாம், ட்ரேயாம். அந்த ஜன்னலில் ஒரு ஓட்டை போட எவ்வளவு நேரம் ஆகும்?

"சும்மா நிக்காத. நீதான் டெஸ்டிங். கையக் காட்டு" என்றாள் அத்தை. அவர்கள் கம்பெனியில் கை பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம், எண்ணெயோ க்ரீமோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். காட்டினேன். திருப்பியும் காட்டினேன். பாஸ்.

குழாயைத் தொட்டுவிட்டு வந்து பட்டனை அமுக்கினேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கூவியது. நீளமாக ஒரு பீப். இன்னொன்று. இன்னொன்று.

மூன்று பேரும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"பூர்ணா!" என்றாள் அம்மா. "விளையாடுற நேரமாடி இது?"

"நான் இல்லம்மா!"

"போன எங்க ஒளிச்சு வெச்ச?"

தீபாவளி சமயத்தில் சிபியுவுக்குப் பின்னால் போனை வைத்து ஆம்புலன்ஸ் சத்தம் விட்டது நான்தான். அது நல்ல வேலைப்பாடு, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒரு முறை ஆம்புலன்ஸ் விட்டவள்தான் உலகத்தில் கேட்கிற எல்லாச் சத்தத்துக்கும் பொறுப்பா? ஜேம்ஸ் அங்கிள் வாசலிலிருந்து "குடு, குடு, போனைக் குடு" என்று சிரிக்கிறார். பேண்டு சரசரக்கிறவர் எனக்கு நீதிபதி! அத்தை என் பையிலிருந்து போனை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து எடுத்து, அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

பீப். பீப். பீப்.

அரிசி டின் அமைதியாக இருந்தது. கூவியது கம்ப்யூட்டர்தான். யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. திங்கக்கிழமை போச்சு" என்றாள். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எரிச்சுட்டியா கல்பகம்?" என்றார் ஜேம்ஸ் அங்கிள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அம்மா. எங்கள் அம்மா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வேலையே கேட்பதுதானே. "நீளமா மூணு. நிறுத்தம். திரும்ப மூணு. இது தாறுமாறா வர்ற சத்தம் இல்ல அண்ணி. ஏதோ சொல்லுது." தன் போனில் தேடினாள். எங்கள் மாதிரி மெஷினில் அப்படிக் கூவினால், மெமரி ஒழுங்காக உட்காரவில்லை என்று அர்த்தமாம்.

அத்தை மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். பிளக், பட்டன், பட்டை, மூடி. டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு ஸ்டிக்கிலும் ஒரு பக்கத்துக் கொக்கி மூடவே இல்லை.

"அழுத்தணும் அண்ணி. சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும்னு போட்டிருக்கு" என்றாள் அம்மா.

"அழுத்தினா போர்டு வளையும் மைதிலி. வளைஞ்சா ஈயம் விரிசல் விடும். லைன்ல அழுத்தினவளை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இது லைன் இல்ல அண்ணி."

அத்தை நின்றாள். இத்தனை வருடமாக அழுத்தாதே, அழுத்தாதே என்று பழகின கட்டைவிரல்கள். அவற்றை ஸ்டிக்கின் இரண்டு ஓரத்திலும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். கொக்கி தானாக எழுந்து கவ்விக்கொண்டது. இரண்டாவதுக்கும் அப்படியே.

மூடியை மூடி, பட்டையைக் கழற்றினாள். வழக்கம்போல அடுப்படி வாசலுக்கு நடந்தாள். "பூர்ணா, டெஸ்டிங்."

இங்கேதான் நான் ராஜினாமா செய்தேன். செய்யாத குற்றத்துக்கு என் போனை அரிசியில் புதைத்த கம்பெனியில் நான் ஏன் வேலை செய்ய வேண்டும்? அதோடு, அதற்குள் ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருந்ததால் என் கையெல்லாம் எண்ணெய். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எண்ணெய் அத்தை. ரூலு ரூலுதானே" என்றேன். அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜேம்ஸ் அங்கிளோ நைலான்.

"அப்ப யாரு ஆன் பண்றது?" என்றாள் அத்தை.



அத்தை குழாயைத் தொட்டாள். வந்து பட்டனை ஒரு விரலால் அமுக்கினாள். ஃபேன் சுற்றியது. ஒரே ஒரு சின்ன பீப், சரி என்பது மாதிரி. திரையில் நீல வெளிச்சம் வந்து அவள் முகத்தில் விழுந்தது. அம்மா ஓடிவந்து சாஃப்ட்வேரைத் திறந்தாள். திறந்தது, தூங்கவில்லை. அம்மா அழுதாள். ஜேம்ஸ் அங்கிள், தான் சொன்னபடிதான் நடந்தது என்றார்.

அத்தை மட்டும் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். "இப்படித்தான் இருக்குமா" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அம்மாவின் ஐடி இன்னும் திறந்தே இருக்கிறது. என் வழக்கு இன்னும் முடியவில்லை. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை இந்த மலர் வாயிலாகப் பதிவு செய்கிறேன்.

பின்குறிப்பு: கட்டுரையோடு அத்தையின் புகைப்படம் ஒன்றும் அனுப்ப வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருந்தார்கள். இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைச் சேர்த்தேன். அனுப்புவதற்கு முன் அத்தை படிக்கட்டும் என்று அம்மா சொன்னாள். போன ஞாயிறு அத்தை வந்து, குழாயைத் தொட்டுவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். நிலாவுக்கு ராக்கெட் விடுகிற இடத்தில் "கொழுப்புடி உனக்கு" என்றாள். பஜ்ஜி வரைக்கும் படித்தாள். பிறகு கீழே இறக்கிப் போட்டோவைப் பார்த்தாள். நீல வெளிச்சம் விழுந்த அவள் முகம். விரல் இன்னும் பட்டனில்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

"இது யாரு எடுத்தது?"

"நான்தான். வேற யாரு?"

"அரிசி டின்னுல இருந்து போன எப்ப எடுத்த?"

"நீ... சிபியுவுக்கு மூடி போட்டுட்டு இருக்கும்போது."

"கண்ணாடி மாதிரி இருக்கே. ஒரு எண்ணெய்க் கறை இல்ல" என்றாள் அத்தை. "கையக் காட்டு."