தாலி கட்டும் நேரத்தில் தேடிக்கொண்டே இருந்த லென்ஸ்

என் தங்கையின் கல்யாணம் திருத்தணி மலைமேல் நடந்தது. படமெடுக்கும் பொறுப்பு என்னுடையது. என் அக்காள் வீட்டுக்காரரான பாவா, சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த புது ஆட்டோஃபோகஸ் கேமராவை என் கையில் கொடுத்தார். என் பழைய கேமராவில் வெளிச்சம் போதுமா என்று ஒரு முள் காட்டும், நான் சரிசெய்வேன். ஃபோகஸுக்கு நானே வளையத்தைத் திருப்ப வேண்டும்.

"இதுல ரெண்டையும் அதுவே பாத்துக்கும். நீ அமுக்கு, போதும்" என்றார் பாவா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை!

கெட்டிமேளம் முழங்கியது. பட்டனை அமுக்கினேன். வெளிச்சம் சரி என்று காட்டிய கேமரா, படம் மட்டும் எடுக்கவில்லை. ஃபோகஸ் பிடிக்கும் நடுக்கட்டம் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைமேல் இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இல்லாத அந்த வெள்ளையில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடியது.

"இன்னாம்மா பண்ற? தாலி கட்டிகினு இருக்கான், எடு!" என்று பாவா கத்தினார்.

கட்டத்தைத் தங்கையின் தோளில் இறங்கிய ஜரிகைக் கரைக்கு நகர்த்தினேன். பள்ளிப்பட்டில் எங்கள் தறியில் நெய்த புடவை அது. லென்ஸ் சட்டென்று நின்றது. க்ளிக்! முதல் முடிச்சு அப்போதுதான் இறுகியது.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்தில் படமெடுத்தாலும் முதலில் மணப்பெண்ணின் புடவைக் கரையைத்தான் உற்றுப் பார்க்கிறேன். நெசவுக்காரி புடவைக்கு விலை மதிக்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். லென்ஸுக்கு ஒரு பிடி தேடுகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்!