தறிவீட்டுக் கம்ப்யூட்டரின் சூடு

ஆறுமுகத்தாய் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே இருந்த காற்றாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கணவன் மாரிராஜின் நான்கு விசைத்தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வீட்டில் தறியிலிருந்து பறக்கும் பஞ்சு சோற்றுப் பானையைக்கூட விட்டுவைப்பதில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பனவடலிசத்திரத்திலிருந்து கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தவள், பத்து வருடம் தறிக்கு நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றினாள். பிறகு, சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். பெரிய டிசைன்களுக்குப் பழைய மெஷின் திணறியதால், போன மாதம் வேகமான பிராசஸர் ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்துத் தானே மாட்டினாள்.

அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை மெஷின் தானாக அணைந்தது. கடையநல்லூர் ஜவுளி வியாபாரி சிஹாபுதீனின் டிசைன் இரண்டு முறை பாதியில் அழிந்தது. அவளுக்கு வரும் வேலையில் பாதி அவருடையது. "திங்கக்கிழம வரைக்கும் பாக்கேன் தாயி. அப்புறம் ராஜபாளையத்துல குடுத்திருவேன், கோவிச்சுக்கிடாதீங்க" என்று நேற்று போனில் சொல்லிவிட்டார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பிராசஸர் மேல் அப்பிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை வழித்தெடுத்து, துவரம்பருப்பு அளவுக்கு மறுபடி வைத்தாள். அதற்கேற்ற பெரிய காற்றாடியை வாங்கிப் பூட்டினாள். அப்படியும் சூடு தொண்ணூற்றேழு டிகிரியைத் தொட்டது.

இன்று தகட்டைத் திறந்தபடியே ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரமாகியும் அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. தகட்டை மூடினாள், அப்போதும் சூடு ஏறவில்லை. வழக்கம்போல் துணி உறையையும் மாட்டினாள். இருபது நிமிடத்தில் அணைந்தது. தறிவீடுகளில் டிவி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் உறை உண்டு. இதற்கும் அவளே அளவெடுத்துத் தைத்திருந்தாள். பழைய பிராசஸர் ஆறு வருடம் அதற்குள்ளேயே ஓடியதால், சந்தேகம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மாரிராஜ் காப்பி டம்ளரோடு உள்ளே வந்தான்.

"என்னட்டி, ஆபரேஷன் முடிஞ்சுதா? பொழச்சுக்கிடுமா?"

"உறைய எடுத்தா நல்லா ஓடுது. போட்டா கொதிக்கி."

"அப்ப எடுத்து எறி. இதுக்கா ஒரு மாசம்?"

"எறிஞ்சா நாலு நாள்ல பஞ்சு அடைச்சு, மறுபடியும் கொதிக்கும். இது இங்கன இருந்தா சரிப்படாது. தெரு ரூமக் காலி பண்ணித் தாங்க."

தறியை விட்டுத் தள்ளி, வாசலை ஒட்டி இருந்த தெரு ரூமில் நூல் மூட்டைகள் கிடந்தன. சாயங்காலம் அவனுடைய கூட்டாளிகள் வந்து உட்காருவதும் அங்கேதான்.

"நூல எங்கன வைக்க? ஒன் தலையிலயா?"

"இங்கன வைங்க. நூலு மேல பஞ்சு விழுந்தா அதுக்கென்ன காய்ச்சலா வரப்போவுது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "தறி ஓடுத வீட்டுல தறிக்குத்தான் மொத எடம். ஒரு டப்பாவுக்காக நான் மூட்ட தூக்கணுமாக்கும்?"

"ரெண்டு மாசம் நூலு வராம தறி நின்னுச்சே, அப்ப இந்த டப்பாதான ஓடுச்சு?"

அவள் துணி உறையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"நீங்க தூக்க வேண்டாம், நானே தூக்குதேன். திங்கக்கிழமைக்குள்ள டிசைன் போயாவணும். இப்பவே மாத்தட்டுமா?"

அவன் காப்பியை ஊதிக்கொண்டிருந்தான். அது எப்போதோ ஆறிவிட்டது. அவள் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டி, டப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெரு ரூமைப் பார்த்து நடந்தாள்.