துட்டி கேட்க வந்தவர்கள்

மேலகரத்து நயினார் ஊர் வம்பு எதிலும் சேராத மனிதர். அதனால் அவரைப் பற்றிப் பேச ஊருக்கு எதுவும் கிடைத்ததில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரலில், வயல் கிணற்றடியிலிருந்து இரண்டு பேர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஊரின் குறை தீர்ந்தது.

"சாகப் போனார்" என்று யாரும் சொல்லவில்லை. "ஒரு மாதிரியா இருக்காரு" என்றார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எதிரே உட்கார்ந்து உச்சுக்கொட்டினார்கள். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நயினார் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவர் மனைவி நாச்சியாருக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மதராசில் இருக்கும் மனநோய் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரத் தென்காசி டாக்டர் தயார்தான். ஆனாலும் பேனாவை மூடி வைத்தார்.

"சில பேரை வீட்டை விட்டுப் பிரிச்சா ஆபத்தும்மா. சில பேரை வீட்ல வச்சிருந்தா ஆபத்து. இவர் எந்த ரகம்னு கூட இருக்கிற நீங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் தனியா விடாதீங்க."

நயினாரின் அண்ணன் மாடனுக்கு ரகம் ஏற்கெனவே தெரியும்.

"பைத்தியாஸ்பத்திரியா? நம்ம குடும்பத்துலயா? இது பித்தம், நாச்சியாரு. ஐந்தருவியில தலையைக் காட்டுனா எறங்கிரும்."

"எறங்கலன்னா, அத்தான்?"

"மெயினருவி இருக்குல்லா!"

ஐந்தருவியில் குளித்து முடித்து ஈரத்துண்டோடு நயினார் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மாடன் வடை வாங்கப் போனார். வீட்டில் யாரும் வாயில் எடுக்காத சொல்லை, உப்பு இருக்கா என்று கேட்கிற குரலில் நாச்சியார் கேட்டாள்.

"ஏங்க, சாவணும்னு இருக்கா?"

"இருக்கு."

"இப்பவுமா?"

அவர் யோசித்தார். "இங்கன இல்ல. இங்கன என்னைய யாருக்கும் தெரியாதுல்லா. வீட்டுலதான்... துட்டி கேக்க வாராப்புல வாராவ. நான் பொணமாட்டம் உக்காந்திருக்கேன். அவுகளக் காக்க வைக்குத மாதிரி இருக்கு."

சாவு விழுந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதுதான் துட்டி கேட்பது. நயினார் வீட்டில் இன்னும் சாவு விழவில்லை. அதற்காக யாரும் பொறுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாடன் வடையோடு வந்தார். "தெளிஞ்சிருக்கா?"

"மதராசுக்குப் போறோம், அத்தான். டாக்டர் கிட்ட சீட்டு வாங்கணும்."

"தெரியாத சனத்துக்கு நடுவுலயா தம்பிய விடப் போற?"

"தெரியாத சனந்தான் வேணும்."

"ஊருல கேட்டா நான் என்ன சொல்ல?"

"கேக்க வாரவுகளுக்குக் காப்பி குடுங்க."

தென்காசி பஸ்ஸில் நாச்சியார் நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலகரத்தில் பஸ் நின்றது. மாடன் மட்டும் இறங்கினார்.