கல்லறைப் பக்கத்தில் காப்பிக் கடை

"சாண்ட்விச்ச கீழ வெச்சிட்டு வாங்க! செத்தவங்க முன்னாடி தின்னுக்கிட்டேவா வருவீங்க?"

மெரெபேகா அக்கா, எங்கள் முன்னோரின் கல்லறை இருக்கும் குன்றுக் கோட்டையின் வாசலில் நின்று கத்தினால் அடிவாரச் சாலை வரை கேட்கும். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் அவரே தண்ணீர் ஊற்றுவார். கல்லறைக்குப் போனவர்கள் கை கழுவாமல் வீடு திரும்புவது மாவோரிகளான எங்களிடம் கிடையாது.

வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரப் படையை எதிர்க்க முன்னோர் தோண்டிய அகழிகளைச் சுத்தம் செய்கிறார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உதட்டில் அடர்சிவப்புச் சாயம். "நம்ம பெரியவங்க பாத்துக்கிட்டிருக்காங்கடி, அலங்கோலமா போகலாமா?" என்பார் என்னிடம்.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு நகராட்சி கழிப்பறை கட்ட வந்தபோது, கூடாதென்று அவர் சொல்லவே இல்லை. "மூத்திரம் முட்டினா மேயருக்கும் அவசரந்தான்" என்று அடிவாரத்தில் இடம் காட்டியவரே அவர்தான். நகராட்சிக்காரர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். பிறகு என்ன செய்தார்கள்? மேலிருந்து கடல் தெரிகிறதாம், மேலேயே கட்டிவிட்டார்கள்! போரில் செத்தவர்களை ஒன்றாகப் புதைத்த குழியை ஒட்டி வரிசையாகக் கழிப்பறை, அதையொட்டிக் காப்பிக் கடை. சாவுத்தீட்டைக் கழுவும் குழாயிலேயே குடிக்கவும் தண்ணீர் பிடிக்க வேண்டுமாம். இந்த அழகில், சுவரெங்கும் எங்கள் செதுக்கு வேலைப்பாடு வேறு. எனக்கு வயிறு எரிகிறது.

திறப்பு விழாவை மட்டும் எங்கள் வழக்கப்படி விடியற்காலையில் வைத்தார்கள். விருந்தாளிகளை ஒரு பெண் குரல் கொடுத்து அழைத்தால்தான் அவர்கள் வாசல் தாண்டலாம். இங்கே அந்தக் குரல் மெரெபேகா அக்காவுடையது. அவர் நிற்கும்போது வேறு எவளும் வாய் திறக்க மாட்டாள். அவர் அழைத்துவிட்டால் அந்தக் கட்டடத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

வெளியே மழை. மேயரும் பரிவாரமும் குடை பிடித்து நின்றார்கள். கட்டடத்துக்குக் கை தூக்கிச் சம்மதித்த எங்கள் ஊர்க் குழுவில் இருக்கும் பராயரே, அக்காவின் சித்தப்பா மகன், ஓடி வந்தான்.

"அக்கா, நனையுறாங்க. ஒரே ஒரு தடவ கூப்பிட்டுடுக்கா."

"உள்ள படுத்திருக்கவங்கள ஒரு வார்த்த கேட்டியாடா?"

"கட்டியாச்சே, இனிமே இடிக்கவா முடியும்?"

"ஏன் முடியாது? சம்மதம்னு தூக்கின கை இருக்குல்ல, அதால கடப்பாரையத் தூக்கு!"

"ஊரு மானம் போகுதுக்கா!"

"அது கக்கூஸ் கட்டினப்பவே போயிடுச்சு. தள்ளு."

அக்கா இரண்டு எட்டு முன்னால் வந்தார். பராயரே பெருமூச்சு விட்டான். மேயர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். கூட்டம் மொத்தமும் அக்காவின் வாயையே பார்த்தது.

அக்கா மேல் பல்செட்டைக் கழற்றினார். பிறகு கீழ்ப் பல்செட்டை. இரண்டையும் நிதானமாகக் கைக்குட்டையில் சுற்றி, பராயரேயின் கோட்டுப் பையில் போட்டார்.